பிள்ளை பேரில் பேங்க் கணக்கு: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் மைனர் கணக்குப் பற்றிய சந்தேகங்கள் என்னைத் தேடி வந்துகொண்டேதான் இருக்கின்றன. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திலும், உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் சமயத்திலும் இன்னும் அதிகம். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதில்களைச் சேர்த்திருக்கிறேன். இவை இந்தியாவில் உள்ள வங்கி, அஞ்சலகக் கணக்குகளுக்குப் பொருந்தும். தினசரி வரம்பு, குறைந்தபட்ச இருப்பு போன்றவை வங்கிக்கு வங்கி மாறும் என்பதால் அவற்றை உங்கள் கிளையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

குழந்தைக்கு எத்தனை வயசுல கணக்கு ஆரம்பிக்கலாம்?

பிறந்த குழந்தைக்கே ஆரம்பிக்கலாம், வயது வரம்பு கிடையாது. பத்து வயது வரை கார்டியன், அதாவது பாதுகாவலர் ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கணக்கை நடத்த வேண்டும். பத்து வயது நிறைந்த பிள்ளை, வங்கி ஒப்புக்கொண்டால், தானே கணக்குத் திறந்து தானே நடத்தலாம். ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரல் 21 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையில் இது தெளிவாக இருக்கிறது. எவ்வளவு தொகை வரை, என்னென்ன வசதிகளோடு என்பதை அந்தந்த வங்கி முடிவு செய்யும்.

ஸ்டேட் பாங்கில் 'பெஹ்லா கதம்' என்பது பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து வைக்கும் கணக்கு. 'பெஹ்லி உடான்' என்பது பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை தனியாக நடத்துவது. மற்ற வங்கிகளிலும் வேறு பெயர்களில் இந்த இரண்டு வகையும் உண்டு. அஞ்சலகச் சேமிப்புக் கணக்கையும் 500 ரூபாய் கட்டி இதே மாதிரி இரண்டு விதமாகவும் தொடங்கலாம்.

என்னென்ன கொண்டுபோகணும்? ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க.

பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், போட்டோ. கார்டியனின் ஆதார், பான் கார்டு, போட்டோ. பான் இல்லாவிட்டால் அதற்குப் பதிலாக ஒரு அறிவிப்புப் படிவம் கொடுக்கலாம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையின் ஆதாரில் கைரேகை இருக்காது. ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் அதைப் புதுப்பிக்க வேண்டும்.

நம் ஊரில் திருப்பி அனுப்பப்படுவதற்கு முக்கியக் காரணம் இனிஷியல். பிறப்புச் சான்றிதழில் பெயர் மட்டும் இருக்கும், பள்ளியில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் அதே இனிஷியல் பின்னால் போயிருக்கும் அல்லது அப்பாவின் முழுப்பெயராக விரிந்திருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு 'எச்' கூடவோ குறையவோ இருக்கும். கணக்குத் திறக்கும் முன்பே ஆதாரை ஒழுங்கு செய்துவிடுங்கள். பிறகு உதவித்தொகை வரும்போது இதே பெயர்க் குழப்பத்தால் பணம் திரும்பிப் போகும். அப்போது அலைவதைவிட இப்போது ஒரு நாள் செலவழிப்பது நல்லது.

அவங்க அப்பா துபாய்ல இருக்காரு. என் கையெழுத்து மட்டும் போதுமா?

போதும். அம்மாவைக் கார்டியனாக வைத்து மைனர் கணக்குத் திறக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 1976-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. 2025 சுற்றறிக்கையும் அதையே உறுதி செய்கிறது. அப்பா வர வேண்டியதில்லை, அவருடைய ஒப்புதல் கடிதமும் தேவையில்லை.

இந்த உரிமைக்காக உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கியின் பத்திரம் வாங்க விண்ணப்பித்தபோது, தாயின் கையெழுத்தைக் கார்டியன் கையெழுத்தாக ஏற்க மறுத்தார்கள். அவர் வழக்குப் போட்டார். தந்தை உயிரோடு இருந்தாலும், பிள்ளையின் பொறுப்பில் அவர் இல்லாதபோது தாயும் இயற்கையான கார்டியன்தான் என்று 1999-ல் தீர்ப்பு வந்தது.

இத்தனைக்குப் பிறகும் 'அப்பாவைக் கூட்டிட்டு வாங்க' என்று சொல்லும் கவுன்ட்டர்கள் இருக்கின்றன என்பது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம். அப்படிச் சொன்னால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அதிலேயே விஷயம் முடிந்துவிடும். முடியாவிட்டால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

பேரனை நான்தான் வளர்க்கிறேன். தாத்தா கார்டியனா இருக்க முடியாதா?

பெற்றோரில் ஒருவராவது இருக்கும்போது வங்கி உங்களைக் கார்டியனாக ஏற்காது. இருவருமே இல்லையென்றால், 1890-ஆம் ஆண்டின் கார்டியன் நியமனச் சட்டப்படி நீதிமன்றத்தில் மனுப்போட்டுக் கார்டியனாக நியமன உத்தரவு வாங்க வேண்டும். அந்த உத்தரவோடு போனால் கணக்குத் திறக்கலாம். பேரனுக்குப் பத்து வயது ஆகிவிட்டால், முதல் பதிலில் சொன்னபடி அவன் பெயரிலேயே தனிக்கணக்குக் கேட்டுப் பாருங்கள்.

பணம் போடுவதற்கு இந்தத் தடையெல்லாம் கிடையாது. யார் வேண்டுமானாலும் செலான் எழுதிப் போடலாம். அப்படிப் போட்ட பணத்தைப் பிறகு திருப்பி எடுக்கத்தான் தாத்தாவுக்கு உரிமை இல்லை.

கார்டியன்னு என் பேர்தானே இருக்கு, அப்போ பணம் எனக்கும் சொந்தம்தானே?

இல்லை. பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் பாருங்கள். கணக்குதாரர் என்ற இடத்தில் பிள்ளையின் பெயர் இருக்கும், பக்கத்தில் 'மைனர்' என்று போட்டிருக்கும். பிறந்த தேதி இருக்கும், மைனர் வயது முடியும் தேதியும் சில வங்கிகளில் அச்சாகியிருக்கும். உங்கள் பெயர் அதற்குக் கீழே, 'கார்டியன்' என்ற வார்த்தையோடு வரும். கையெழுத்துப் போடும் அதிகாரம் உங்களுடையது, பணம் பிள்ளையுடையது.

கார்டியன் செய்யும் எந்தக் காரியமும் பிள்ளையின் நன்மைக்காக இருக்க வேண்டும் என்பதுதான் சட்டம். 1956-ஆம் ஆண்டின் இந்து மைனர், கார்டியன் சட்டம் பிள்ளையின் நலனே எல்லாவற்றுக்கும் மேலானது என்கிறது. நீங்கள் ஸ்லிப் எழுதிக் கொடுத்தால் 'எதற்கு எடுக்கிறீர்கள்' என்று காசாளர் கேட்க மாட்டார். அவர் கேட்காததால் பணம் உங்களுடையதாகிவிடாது. வளர்ந்த பிள்ளை கணக்குக் கேட்டால் பதில் சொல்லும் கடமை உங்களுக்கு உண்டு.

அப்போ வீட்டுல ஒரு அவசரம்னா தொடவே கூடாதா?

பிள்ளைக்காக என்றால் தாராளமாக எடுங்கள். பள்ளிக் கட்டணம், மருத்துவம், கண்ணாடி, சைக்கிள், கோச்சிங் எல்லாம் இதில் வரும். அதற்காகத்தான் கணக்கே. உங்கள் பைக் தவணைக்கும், சீட்டுக் கட்டவும், அக்கா வீட்டு விசேஷத்துக்கும் எடுப்பது இதில் வராது.

நடுவில் ஒரு சங்கடமான இடம் இருக்கிறது. வீட்டு வாடகை கட்ட வழியில்லை, கட்டாவிட்டால் பிள்ளையும் தெருவுக்கு வரும் என்றால் என்ன செய்வது? எடுத்துத்தான் ஆக வேண்டும். அப்படி எடுத்தால் கடனாக எடுங்கள். எந்தத் தேதியில் எவ்வளவு எடுத்தீர்கள் என்று எழுதி பாஸ்புக் உறைக்குள் வையுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் போடுங்கள். விவரம் புரிகிற வயதென்றால் பிள்ளையிடம் சொல்லிவிட்டே எடுங்கள். 'அப்பா உன் பணத்திலிருந்து எடுக்கிறேன், தீபாவளிக்குள் போட்டுவிடுவேன்' என்று சொல்லி, சொன்னபடி செய்யும் வீட்டில் அந்தப் பிள்ளைக்கு அம்மா அப்பா மேல் இருக்கும் நம்பிக்கை குறையாது. தெரியாமல் எடுத்தால், ஏழாம் வகுப்பு வரும்போது பாஸ்புக்கைப் படிக்கத் தெரிந்துவிடும். அப்போது வரும் கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டம்.

காதுகுத்துக்கு வந்த மொய்ப்பணம் யாருக்குச் சொந்தம்?

அதிகச் சண்டை வருவது இந்தக் கேள்வியில்தான். என் கருத்தைச் சொல்கிறேன். மொய் நோட்டில் ஊர், பெயர், தொகை என்று வரிசையாக எழுதி வாங்கிய பணம் குடும்பத்தின் வரவுசெலவு. இன்று 1,001 எழுதியவர் வீட்டு விசேஷத்துக்கு நாளை நீங்கள்தான் திருப்பிச் செய்யப்போகிறீர்கள், காது குத்திக்கொண்ட குழந்தை இல்லை. அதை முழுக்கப் பிள்ளையின் பணம் என்று சொன்னால், திருப்பிச் செய்யும்போது பிள்ளையின் கணக்கிலிருந்தா எடுப்பீர்கள்?

தாய்மாமன் குழந்தையின் கையில் வைத்துக் கொடுத்தது, பாட்டி 'இது என் பேத்திக்கு' என்று சொல்லிக் கொடுத்தது, மஞ்சள் நீராட்டுக்குப் பெண் பெயரில் போட்ட தொகை, பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் கிடைத்த காசு எல்லாம் பிள்ளையுடையது. நோட்டு எழுதாமல் கொடுத்த பணத்தைப் பிள்ளையுடையதாக வைத்துக்கொண்டால் பெரும்பாலும் குழப்பம் வராது. மொய்ப்பணத்தையும் நீங்களாக அவன் கணக்கில் போட்டுவிட்டால், அன்றிலிருந்து அது அவன் பணம். கார்டியன் பற்றி மேலே சொன்ன எல்லாம் அதற்கும் பொருந்தும். யோசித்துப் போடுங்கள்.

பொண்ணுக்கு 12 வயசு, தனியா கணக்கு இருக்கு. நான் அதுல எடுக்க முடியுமா?

முடியாது. தனியாக நடத்தும் கணக்கில் அவள் கையெழுத்துதான் செல்லும். சில வங்கிகள் பெற்றோரின் மொபைலுக்கும் தகவல் அனுப்பும். அதைக் கணக்குத் திறக்கும்போதே கேட்டு வையுங்கள்.

இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கையெழுத்துதான் பெரிய சோதனை. படிவத்தில் மூன்று இடத்தில் போடச் சொன்னால் மூன்றும் மூன்று விதமாக இருக்கும். முதல் கையெழுத்தில் இனிஷியலுக்குப் புள்ளி இருக்கும், அடுத்ததில் இருக்காது, மூன்றாவதில் பெயருக்குக் கீழே கோடு போட்டிருப்பார்கள். ஒரு வாரம் வீட்டில் ஒரே மாதிரி போட்டுப் பழகிவிட்டுக் கூட்டி வாருங்கள். தமிழில் போடலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகப் போடலாம், எப்போதும் அதேபோலப் போட வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

ஏடிஎம் கார்டு, ஜிபே எல்லாம் குடுக்கலாமா? பயமா இருக்கு.

மைனர் கணக்குக்கு ஏடிஎம் கார்டு, நெட் பேங்கிங், காசோலைப் புத்தகம் எல்லாம் கொடுக்க வங்கிகளுக்கு அனுமதி உண்டு. கொடுப்பதா வேண்டாமா என்பது வங்கியின் விருப்பம். தினசரி வரம்பு குறைவாகத்தான் வைப்பார்கள். மைனர் கணக்கில் இருப்புக்கு மேல் எடுக்கவே முடியாது என்பதும் ரிசர்வ் வங்கியின் விதி. மைனர் செய்த ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது, அவர்மேல் கடன் ஏற்ற வங்கியால் முடியாது. ஆகவே கணக்கில் இருப்பதுதான் போகும், அதற்கு மேல் கடன் ஏறாது.

போனில் பணம் கட்ட மட்டும் பழக்க வேண்டுமென்றால் யுபிஐ சர்க்கிள் என்ற வசதி 2024-லிருந்து இருக்கிறது. கணக்கு உங்களுடையது, உங்கள் அனுமதியோடு பிள்ளை தன் போனிலிருந்து கட்டலாம். ஒவ்வொரு முறையும் நீங்கள் ஒப்புதல் தரும்படியும் வைக்கலாம், மாத வரம்பு போட்டும் விடலாம். பள்ளிப் பிள்ளைக்கு நான் முதல் வகையைத்தான் சொல்வேன். பின் நம்பரை அண்ணனிடம்கூடச் சொல்லக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஸ்காலர்ஷிப் பணம் வந்துச்சு, அப்பா எடுத்து செலவு பண்ணிட்டாரு. கேக்கலாமா?

இதைக் கேட்டவள் பத்தாம் வகுப்பு மாணவி. கேட்கலாம். எட்டாம் வகுப்பில் மத்திய அரசின் உதவித்தொகைக்கான என்எம்எம்எஸ் தேர்வு எழுதித் தேர்வானவர்களுக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் நேராக மாணவரின் கணக்குக்கே வருகிறது. பணத்தை அவர்கள் பெயரில் அனுப்புவதன் நோக்கமே, நடுவில் பள்ளி விட்டுவிடாமல் படிப்பைத் தொடர வேண்டும் என்பதுதான்.

அப்பாவிடம் நேராகக் கேட்கத் தயங்கினால், வகுப்பாசிரியரிடம் சொல்லலாம். அடுத்த தவணை வரும் முன்பே, மேலே சொன்னதுபோலத் தானே நடத்தும் கணக்குக்கு மாறிவிடுவது நல்ல வழி. மாறினால், எந்தக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறது என்பதையும் வங்கியில் மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் பணம் பழைய கணக்குக்கே போகும்.

செல்வமகள் கணக்கும் இந்த மாதிரிதானா? கஷ்டத்துக்கு எடுக்கலாமா?

செல்வமகள் கணக்கு இதைவிட இறுக்கமானது, அதனால்தான் எனக்குப் பிடிக்கும். பத்து வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தைக்கு, ஒரு குடும்பத்தில் பொதுவாக இரண்டு பெண்கள் வரை திறக்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது 250, அதிகபட்சம் 1.5 லட்சம் ரூபாய். 15 ஆண்டுகள் கட்ட வேண்டும், தொடங்கி 21 ஆண்டில் முதிர்வடையும். வட்டியை அரசு காலாண்டுக்கு ஒருமுறை அறிவிக்கும்.

வீட்டுக் கஷ்டத்துக்கு எடுக்க முடியாது. பெண்ணுக்கு 18 வயது ஆன பிறகோ பத்தாம் வகுப்புத் தேறிய பிறகோ, மேற்படிப்புக்காகப் பாதி வரை எடுக்கலாம். 18-க்குப் பிறகு கல்யாணத்துக்காகக் கணக்கை முடிக்கலாம். 18 ஆனதும் கணக்கை நடத்துவது பெண்தான். தாத்தா பாட்டி தொடங்கிய கணக்குகளைப் பெற்றோர் பெயருக்கு மாற்றச் சொல்லி 2024-ல் உத்தரவு வந்தது. இன்னும் மாற்றாதவர்கள் மாற்றிவிடுங்கள்.

பிள்ளை பேர்ல தனியா பிபிஎஃப் போட்டா எனக்கு ஒண்ணரை லட்சம், அவனுக்கு ஒண்ணரை லட்சமா?

பிபிஎஃப் எனும் பொது வருங்கால வைப்பு நிதியில் ஆண்டுக்கு இரண்டும் சேர்ந்தே 1.5 லட்சம்தான். அதற்கு மேல் போட்ட தொகைக்கு வட்டி கிடைக்காது.

குழந்தை பேர்ல எஃப்டி போட்டா வரி கட்ட வேண்டாமாமே?

பலர் இதை நம்பித்தான் போடுகிறார்கள், நம்பிக்கை தவறானது. மைனரின் வருமானம் பெற்றோர் இருவரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவருடைய வருமானத்தோடு சேர்க்கப்படும். 2 லட்சம் ரூபாயை 7 சதவீதத்தில் போட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 14,000 வட்டி வரும். அது உங்கள் வருமானமாகத்தான் கணக்கில் வரும். பழைய வரிமுறையில் ஒரு பிள்ளைக்கு 1,500 ரூபாய் கழிவு உண்டு, புதிய முறையில் அதுவும் இல்லை. பெற்றோர் விவாகரத்து ஆனவர்கள் என்றால், அந்த ஆண்டில் பிள்ளையைப் பராமரித்தவரின் வருமானத்தோடு சேரும்.

பிள்ளை தன் உழைப்பாலோ திறமையாலோ சம்பாதித்தது இப்படிச் சேராது. சட்டம் குறிப்பிடும் அளவுக்கு மாற்றுத்திறன் உள்ள பிள்ளையின் வருமானமும் சேராது.

நாமினியா யாரைப் போடறது? என் எஃப்டிக்கு மகனையே நாமினியா போடலாமா?

இரண்டு வேறு விஷயங்கள். பிள்ளையின் கணக்குக்கு நாமினியைக் கார்டியன்தான் நியமிக்க முடியும். உங்கள் கணக்குக்கு மகனை நாமினியாகப் போடலாம், ஆனால் அவன் மைனராக இருக்கும்வரை அவன் சார்பாகப் பணத்தைப் பெற ஒரு பெரியவரின் பெயரும் எழுத வேண்டும். அந்தக் கட்டத்தை நிறையப் பேர் காலியாக விடுகிறார்கள். உங்களுக்குப் பின் பிள்ளைக்காகப் பணத்தை வாங்கப்போகும் மனிதர் அவர், யோசித்து எழுதுங்கள்.

நான் வாங்கின லோன் கட்டலைன்னா பிள்ளை கணக்குல கை வைப்பாங்களா?

கூடாது. கடன் உங்களுடையது, கணக்கு பிள்ளையுடையது. கார்டியனாக நீங்கள் வைத்திருக்கும் பணத்தை உங்கள் சொந்தக் கடனுக்கு வங்கி பிடித்துக்கொள்ள முடியாது. வங்கி முடங்கினால் கைகொடுக்கும் வைப்புக் காப்பீட்டிலும் இதே பிரிவு உண்டு: உங்கள் சொந்தப் பணத்துக்கு 5 லட்சம் வரை காப்பீடு என்றால், அதே வங்கியில் கார்டியனாக வைத்திருக்கும் பணத்துக்குத் தனியாக 5 லட்சம் வரை உண்டு.

பிள்ளையின் எஃப்டியை அடகு வைத்து நீங்களே லோன் கேட்டால், அது பிள்ளையின் நன்மைக்காக என்று எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். பொய்யாக எழுதிக் கொடுக்காதீர்கள்.

நாங்க பிரிஞ்சு இருக்கோம். கணக்குல அவர்தான் கார்டியன், பணத்தை எடுத்துடுவாரோன்னு பயம்.

நீங்களும் இயற்கையான கார்டியன்தான், அம்மா பற்றிய கேள்வியில் சொன்ன தீர்ப்பு இங்கேயும் உதவும். ஆனால் கணக்கில் பதிவாகியிருப்பவர் அவர் என்பதால், உங்கள் வாய்ச்சொல்லை வைத்து வங்கி அவரை நிறுத்த முடியாது. கார்டியனை மாற்ற அவருடைய சம்மதமோ நீதிமன்ற உத்தரவோ கேட்பார்கள்.

முதலில் தகராறு இருப்பதைக் கிளை மேலாளருக்கு எழுத்தில் தெரிவித்து, நகலில் முத்திரை வாங்குங்கள். பிறகு குடும்ப நல நீதிமன்றத்தில் அந்தக் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டு, பணத்தை எடுக்கத் தடை கேளுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்று தயங்க வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு, 1987-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. அதுவரை புதிதாக வரும் பணத்தை நீங்கள் கார்டியனாக இருக்கும் வேறு கணக்கில் போடுங்கள்.

வீட்டுக்காரர் ஆக்சிடென்ட்ல போயிட்டாரு. பிள்ளைங்க பங்கை கோர்ட்டு எஃப்டியில போட்டுருச்சு. எடுக்கவே முடியாதா?

விபத்து இழப்பீட்டில் மைனர் பிள்ளைகளின் பங்கை, அவர்களுக்கு 18 வயது ஆகும் வரை வங்கியில் வைப்பாகப் போடச் சொல்வது தீர்ப்பாயத்தின் வழக்கம். உச்ச நீதிமன்றம் 1993-ல் ஒரு கேரள வழக்கில் இதற்கு வழிமுறை வகுத்தது. மொத்தமாகப் பணம் கைக்கு வந்ததும் உறவுக்காரர்கள் சூழ்ந்துகொண்டு கடன் கேட்பதும், ஓரிரு ஆண்டில் பணம் கரைந்துபோவதும் நடக்கிறது என்பதால்தான் இந்த ஏற்பாடு.

உங்கள் தீர்ப்பு நகலை எடுத்துப் படியுங்கள். வட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாய் எடுத்துக்கொள்ளலாம் என்று பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். அது பிள்ளைகளின் செலவுக்கு. அசலிலிருந்து எடுக்க வேண்டுமென்றால், அதே தீர்ப்பாயத்தில் மனுப்போட வேண்டும். கல்லூரிக் கட்டண ரசீது, மருத்துவமனைச் செலவு மதிப்பீடு போன்றவற்றை இணைத்தால், தேவையான அளவுக்கு அனுமதிப்பார்கள். வங்கி மேலாளருக்கு இதில் எந்த அதிகாரமும் இல்லை, அவரிடம் கெஞ்சிப் பயனில்லை.

என் பையன் சீரியல்ல நடிக்கிறான். சம்பளம் என் அக்கவுன்ட்டுக்கு வருது, சரிதானே?

முழுக்க உங்கள் கணக்குக்கு வருவது சரியில்லை. குழந்தைத் தொழிலாளர் விதிகளில் 2017-ல் வந்த திருத்தப்படி, குழந்தை அந்தத் தயாரிப்பில் ஈட்டும் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் அதன் பெயரில் எஃப்டியாகப் போட வேண்டும். 18 வயது ஆனதும் அது பிள்ளைக்குப் போகும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் நடிக்க வைக்கக் கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது. 20 சதவீதம் என்பது குறைந்தபட்சம்தான். பிள்ளை விளையாட வேண்டிய நேரத்தை விளக்குக்கு முன்னால் நின்று கழித்துச் சம்பாதித்த பணம். நடிப்புக்கான செலவு போக மீதியை எல்லாம் அவன் பெயரில் போடுவதுதான் நியாயம் என்று நினைக்கிறேன்.

வரி விஷயத்தில் ஒரு நுணுக்கம். நடித்த சம்பளம் அவன் தனி வருமானம், உங்கள் வருமானத்தோடு சேராது. அந்தச் சம்பளத்தை எஃப்டியில் போட்டு வரும் வட்டி சேரும்.

18 ஆனதும் கணக்கு என்ன ஆகும்?

அன்றோடு கார்டியனின் அதிகாரம் முடிந்துவிடும். உங்கள் கையெழுத்தோடு வரும் ஸ்லிப்பை வங்கி ஏற்காது. பிள்ளை நேரில் வந்து புதுக் கையெழுத்து, போட்டோ, ஆதார், பான் கொடுக்க வேண்டும். இதுவரை நீங்கள் நடத்திய கணக்கு என்றால், இருப்பு இவ்வளவு என்று உறுதிப்படுத்தியும் வாங்கிக்கொள்வார்கள். அதுவரை கணக்கை நிறுத்தி வைப்பார்கள் என்பதால், கல்லூரிக் கட்டணம் கட்டும் நேரத்தில் பிறந்தநாள் வந்தால் முன்கூட்டியே போய்ப் பேசி வையுங்கள். முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தில் பத்திரம் வைத்திருப்பவர்களுக்கும் முதிர்வு 18 வயதில்தான். அதற்கும் பெண்ணின் சொந்தக் கணக்கு தயாராக இருக்கட்டும்.

மூணு லட்சம் சேர்த்து வெச்சிருக்கேன். 18 வயசுல மொத்தமும் அவன் கைக்குப் போனா அழிச்சிடுவானே?

அவன் பெயரில் இருந்தால் போகத்தான் செய்யும், தடுக்க வழியில்லை. எப்போது கொடுப்பது என்பது உங்கள் முடிவாக இருக்க வேண்டுமென்றால், உங்கள் பெயரில் வைத்து அவனை நாமினியாகப் போடுங்கள். அவன் பெயரில் போட்டுவிட்டு 'என் கட்டுப்பாட்டிலும் இருக்கணும்' என்று கேட்காதீர்கள். சேர்ந்து கணக்கு வைக்க அவனே ஒப்புக்கொண்டால் வைக்கலாம்.

பணத்தை அழித்துவிடுவதைவிட எனக்குப் பெரிய பயம் வேறு. 'உன் அக்கவுன்ட்டைக் கொஞ்ச நாள் குடு, அஞ்சாயிரம் தரேன்' என்று கல்லூரிப் பையன்களிடம் கேட்டு வாங்கி, மோசடிப் பணத்தை அதன் வழியே கடத்துகிறார்கள். கடைசியில் போலீஸ் தேடி வருவது கணக்குதாரரைத்தான். கணக்கு கைமாறும் நாளிலேயே அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்து இதைச் சொல்லுங்கள்.

எனக்கு சின்ன வயசுல அப்பா ஆரம்பிச்ச கணக்கு ஒண்ணு இருக்கு. பாஸ்புக் மட்டும்தான் கையில. பணம் போயிடுச்சா?

போகாது. இரண்டு ஆண்டு வரவுசெலவு இல்லாவிட்டால் கணக்கு செயலற்றதாகும், அதற்காக அபராதம் போடக் கூடாது. பத்து ஆண்டு ஆனால் பணம் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் நிதிக்குப் போகும், அதன் பிறகும் வங்கி மூலமாகவே கேட்டு வாங்கலாம். எந்த வங்கி என்று நினைவில்லையென்றால் ரிசர்வ் வங்கியின் 'உத்கம்' தளத்தில் பெயரைக் கொடுத்துத் தேடலாம். பாஸ்புக், பிறப்புச் சான்றிதழ், ஆதார், பான் நான்கையும் எடுத்துக்கொண்டு அந்த வங்கியின் எந்தக் கிளைக்கும் போங்கள். உதவித்தொகைக்காகத் திறந்த ஜீரோ பேலன்ஸ் கணக்கு என்றால் 2024 ஏப்ரலுக்குப் பிறகு அதைச் செயலற்றதாக வகைப்படுத்தக் கூடாது என்று விதி இருக்கிறது, அதைக் கவுன்ட்டரில் சொல்லுங்கள்.